செத்த காலேஜும் தாழிக்காடும்

எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. நூலகத்தில் அதைக் கேட்டு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் சாதியைப் பற்றி வெள்ளைக்காரன் என்ன எழுதி வைத்திருக்கிறான் என்று பார்க்க வருகிறவர்கள். அகர வரிசையில் தங்கள் பெயர் வரும் பக்கத்துக்கு நேரே போய்விடுவார்கள். முதல் தொகுதியின் நீண்ட முன்னுரையை யாரும் சீண்டுவதில்லை. தாமிரபரணிக் கரையின் பழைய தாழி இடுகாடான ஆதிச்சநல்லூர் இருப்பது அந்த முன்னுரைக்குள். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியெடுத்த மண்டையோடுகளில் சிதையாமல் கிடைத்த சிலவற்றின் நீளம், அகலம், இரண்டுக்கும் உள்ள விகிதம், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அக்காலத் தமிழர் தலைகளின் அளவு. சில வரிகள்தான். தாடை முன்தள்ளிய மண்டையோடுகளும் இருந்தன என்று ஒரு குறிப்பு. பிறகு பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது.

சாதிகளைப் பற்றிய நூலில் தாழிக்குள் கிடந்தவனின் தலைக்கு என்ன வேலை? அந்த மண்டையோடு எந்தத் தாழியில் கிடந்தது, கூட என்ன வைத்திருந்தார்கள், அளந்தது யார், அளந்தவர் அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்துகொண்டிருந்தார்? கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன் நான். மாணவர்களை ஆதிச்சநல்லூருக்கு அழைத்துப்போய் இடுகாட்டு மேட்டில் நிறுத்தி 'இதுதான் இடம்' என்று காட்டினால் அவர்கள் கேட்பதும் இதே கேள்விகளைத்தான். இடம் இங்கே இருக்கிறது, பொருள் எங்கே சார்?

காகிதத்தில் தேடுகிறவருக்கு முதலில் ஒரு தகவல். ஆதிச்சநல்லூர் இன்று இருக்கும் தூத்துக்குடி மாவட்டம் பிறந்தது 1986இல். அதற்கு முந்தைய ஆவணம் எல்லாம் திருநெல்வேலிக் கணக்கில்தான் கிடக்கும். ஊரின் பெயரையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஆதித்தநல்லூர், அதித்தநல்லூர், ஆதிச்சநல்லூர் என்று எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடாவிட்டால் பாதி கண்ணில் படாது.

தர்ஸ்டனிலிருந்து தொடங்கினேன். 1855இல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் படித்து, அந்தக் கல்லூரியின் அருங்காட்சியகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 1885இல் சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்தின் சூப்பரின்டெண்டாக வந்தார். 1908 வரை அந்த நாற்காலி அவருடையது. எழும்பூர் வேலையோடு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியலும் நடத்தினார். குற்றவாளிகளை உடல் அளவை வைத்து அடையாளம் காண்பது எப்படி என்று போலீசாருக்கும் சொல்லிக்கொடுத்தார். இவருடைய கருவிப்பெட்டியில் எப்போதும் தலை அளக்கும் கவைமுள் ஒன்று இருந்ததற்கு இந்தப் பின்னணியே போதும். உடலைப் படித்தவர், உடலைக் கற்பித்தவர், உடலை வைத்தே மனிதர்களை வகைப்படுத்தினார்.

சென்னை மக்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். மியூசியம் 1851இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியதால் ஒட்டிக்கொண்ட பெயர். காணும் பொங்கலன்று மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து, பஞ்சு அடைத்த புலியையும் திமிங்கில எலும்பையும் பார்த்துவிட்டுப் போன சனம் வைத்தது. அந்தக் காலேஜின் வாத்தியார் இருபது வருஷத்துக்கு மேல் தர்ஸ்டன்தான்.

அவர் மனித மண்டையோட்டுக்கு வருமுன் தூத்துக்குடிக்கு வந்தது சிப்பிக்காக. மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடலுயிர்களையும் பற்றி அவர் எழுதிய குறிப்பு 1890இல் அரசு அச்சகத்தில் வெளியானது. 1894இல் மியூசியம் புல்லட்டின் என்று ஒன்றைத் தொடங்கியபோது அதன் முதல் இதழுக்கும் அதே விஷயம்தான். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத எழுத்து. கடலடிப் பாறைத்திட்டுகளுக்குக் கடலோடிகள் வைத்த பெயர்கள், தொல்லாயிரம் பார் உட்பட, அப்படியே வருகின்றன. முத்துச் சிலாபம் நடக்கும்போது கரையில் முளைக்கும் ஓலைக்கொட்டகை ஊர், கல்லைக் காலில் கோத்துக்கொண்டு இறங்குகிறவர், மேலே கயிறு பிடித்து நிற்கிறவர், அள்ளி வந்த சிப்பியைக் குவியல் குவியலாகப் பிரித்து ஒரு பங்கைக் குளித்தவருக்குக் கொடுத்து மீதியை ஏலம் விடும் அதிகாரி. சிப்பியை அழுகவிட்டுத்தான் முத்தை எடுப்பார்கள். அந்த நாற்றம் இல்லாமல் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதுகிறவர் கரைக்கே போகாதவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் 'கடற்கட்டி'யைப் பற்றி இலங்கைக் கரையிலிருந்து எழுதிய டென்னன்ட் முதலான ஆங்கிலேயர் எல்லாரும் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் குளிக்கிற கடலில் மந்திரவாதிக்கு அரசாங்கம் கூலி கொடுக்கிறது, மந்திரம் போடுகிற ஆளும் கத்தோலிக்கரே! அவர்களுக்கு அது வேடிக்கை. கடலுக்குள் இறங்குகிறவனுக்கு அது வேடிக்கையில்லை. கடற்கட்டி வராவிட்டால் தோணி நகராது என்பது சிலாபம் நடத்துகிற துரைக்குத் தெரியும். அதனால்தான் கூலி.

தூத்துக்குடியில் முத்துச் சிலாபம் கடைசியாக நடந்தது 1955 முதல் 1961 வரை. பிறகு இல்லை. ஆகவே தர்ஸ்டனும் அவருக்குப் பின் ஜேம்ஸ் ஹார்னெலும் எழுதி வைத்தவை இன்று எங்களுக்கு முதல்நிலைச் சான்று. இந்த அளவுக்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மனிதர்களைப் பற்றி அவர் எழுதியதைப் படிக்கும்போது நன்றி குறைகிறது. 1901இல் இந்தியா முழுவதும் இனவரைவியல் கணக்கெடுப்பு தொடங்கியது. மேலிருந்து நடத்தியவர் ஹெர்பர்ட் ரிஸ்லி, சென்னை மாகாணத்துக்குப் பொறுப்பு தர்ஸ்டன். மூக்கின் அகலத்தை அளந்தால் சாதியின் உயரம் தெரியும் என்று நம்பியவர் ரிஸ்லி. தர்ஸ்டன் மியூசியத்துக்கு வந்தவர்களை அளந்தார், மலைக்கும் கிராமத்துக்கும் போய் அளந்தார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடியிருக்கிறார்கள். தங்களில் நல்ல உருப்படியாகப் பார்த்துப் பஞ்சடைத்து மியூசியத்தில் நிறுத்தப்போகிறார் என்ற பயம். இதை அவரே சிரிப்போடு எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் பெண்களின் கணிப்பு அவ்வளவு தப்பாகத் தோன்றவில்லை.

இப்போது மண்டையோட்டுக்கு வருவோம். அது எழும்பூருக்கு எப்படி வந்தது?

தாமிரபரணியின் தென்கரையில், திருநெல்வேலி – திருச்செந்தூர் சாலையை ஒட்டிக் கிடக்கும் மேட்டை ஊர்க்காரர்கள் பரம்பு என்பார்கள், தாழிக்காடு என்றும் சொல்வதுண்டு. ஏறத்தாழ 114 ஏக்கர். விளைச்சலுக்கு ஆகாத கற்பூமி. ஆற்றை ஒட்டிய நஞ்சையை உயிரோடு இருக்கிறவர்களுக்கு விட்டுவிட்டுப் பாறைப் பரம்பைச் செத்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பாறையைக் குழித்து, குழிக்குள் தாழியை இறக்கி, தாழிக்குள்ளும் வெளியிலும் பாத்திர பண்டங்களை வைத்துப் புதைத்த இடம்.

1876இல் பெர்லினிலிருந்து ஃபெடோர் ஜாகர் வந்தார். பிலிப்பைன்ஸைப் பற்றி அவர் எழுதிய பயணநூலைப் பின்னாளில் அந்நாட்டு எழுத்தாளர் ஹோசே ரிசால் தேடிப் படித்தார் என்பதால் மணிலாவில் அந்தப் பெயர் பிரபலம். நம்மூரில் அவர் பெயர் பதிந்தது தாழி உடைத்த கதையில்தான். மாவட்டக் கலெக்டரும் பொறியாளரும் கூடப் போனார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை மண்பாண்டங்கள், கத்தியும் குறுவாளும் கோடரியுமாக இரும்புச் சாமான்கள், ஏராளமான எலும்பு, மண்டையோடு. எல்லாம் கப்பல் ஏறின. ஜாகரும் தென்னிந்தியாவில் உயிரோடிருந்த ஆட்களைப் பிடித்து அளந்து வெளியிட்டவர்தான். கவைமுள் தர்ஸ்டனின் தனிப்பட்ட கிறுக்கு இல்லை, அந்தத் தலைமுறையின் பொதுக் காய்ச்சல். பாரிஸிலிருந்து 1903-04இல் வந்த லூயி லாபிக்கும் அதே காய்ச்சலில் வந்தவர். தென்னிந்தியரிடம் ஆப்பிரிக்கச் சாயலைத் தேடிக்கொண்டிருந்த உடலியல் அறிஞர். ஆதிச்சநல்லூரில் தோண்டி, மண்டையோட்டைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்.

இந்த ஆற்றங்கரைக்கு அப்படி ஒரு ராசி. ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயலில் 1586இல் அச்சானதாகக் கொள்ளப்படும் அண்டிரிக் பாதிரியாரின் 'அடியார் வரலாறு' நூலின் பிரதி வத்திக்கான் நூலகத்தில் கிடக்கிறது. அதைத் தமிழ் உலகுக்கு எடுத்துச் சொன்ன தனிநாயகம் அடிகள், இலங்கையின் கரம்பொனில் பிறந்து, வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர், தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் நடத்தியவர். கீழ்த் தாமிரபரணியின் வரலாற்றை எழுத வேண்டுமானால் ரோம், பெர்லின், பாரிஸ், எழும்பூர் என்று ஊர் ஊராக மனுப்போட வேண்டியிருக்கிறது.

முறையாகத் தோண்டியவர் ரீ. இந்தியத் தொல்லியல் துறையின் தென்வட்டக் கண்காணிப்பாளர். 1899 தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் பலமுறை வந்தார். தோண்டியதோடு நிற்காமல் துறையின் ஆண்டறிக்கைகளில் எழுதினார், 1915இல் ஆதிச்சநல்லூர், பெரும்பேர் இரண்டு ஊர்ப் பொருள்களுக்குமான பட்டியல் நூலையும் சென்னை அரசு அச்சகம் வழியாகக் கொண்டுவந்தார். மண்டையோட்டின் தாழியை இதில்தான் கண்டுபிடிக்க முடியும் என்று நினைத்துப் போனேன்.

அற்புதமான பட்டியல். நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்கள் அதில் இருக்கின்றன. நீள்வட்டமாக வெட்டிய மெல்லிய தகடு, இரண்டு முனையிலும் கயிறு கோக்கத் துளை, மேலே புள்ளி வைத்துக் கோடு இழுத்த எளிய அலங்காரம். எழும்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். சுருட்டினால் சுருண்டுவிடும் போலிருக்கும். உயிரோடு இருக்கிறவர் அன்றாடம் அணிந்து தாங்குகிற கனமில்லை. இன்றும் எங்கள் பக்கத்தில் பிணத்தைக் குளிப்பாட்டி உட்கார வைத்ததும் நெற்றியில் காசு ஒட்டுவார்கள். தங்கம் இருந்த வீட்டில் தங்கம், இல்லாத வீட்டில் ஒரு ரூபாய். வெண்கல மூடிகளில் குமிழுக்குப் பதில் பறவைகளும் மிருகங்களும் நிற்கின்றன, கொம்பு விரிந்த எருமை உட்பட. இரும்பில் வாள், ஈட்டி, வேல், திரிசூலம். பாண்டத்துக்குள் நெல், சிறுதானிய உமி இருந்தது, துணியின் சுவடு இருந்தது என்று ரீ பதிந்திருக்கிறார். இவ்வளவு சின்னதையும் கவனித்திருக்கிறாரே என்று ஆச்சரியமாக இருக்கிறது. தங்கம் எடுக்கப் போனவன் உமியைப் பார்க்கமாட்டான்.

ஆனால் பட்டியலின் ஒழுங்கு பொருள்வகை ஒழுங்கு. தங்கம் தனி, வெண்கலம் தனி, இரும்பு தனி, மண்பாண்டம் தனி. காட்சிப்பேழையில் அடுக்கப்போகிறவருக்கு வசதி. ஒரு தாழிக்குள் யாரோடு எது இருந்தது என்று கேட்கிறவருக்கு வழி அடைபட்டுவிடுகிறது. பட்டம் கட்டியவர் பக்கத்தில் வாள் இருந்ததா? எருமை மூடி ஆணுக்கா பெண்ணுக்கா? மண்டையோட்டுக்காரர் ஏழையா வசதியானவரா? செத்தவரை அனுப்பி வைத்த குடும்பம் ஒன்றாகச் சேர்த்து வைத்ததை நாம் உலோகம் உலோகமாகப் பிரித்துவிட்டோம். என் தேடலில் பெரிய முட்டுச்சந்து இதுதான்.

மண்டையோடு மட்டும் தனியாகப் பயணத்தைத் தொடர்ந்தது. தர்ஸ்டன் ஓய்வுபெற்றுப் போனார். பதவி ஹெண்டர்சனுக்கு வந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர், துறவி நண்டுகளைப் பற்றி எழுதியவர், நாணயத்திலும் கெட்டிக்காரர். இந்த மியூசியத்தின் தலைமைக்கு மருத்துவரும் விலங்கியலாரும் வந்துகொண்டே இருந்தார்கள், வரலாற்று வாத்தியார் வரவில்லை. பிறகு 1930இல் மியூசியம் புல்லட்டினின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் 'ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள்' என்று ஒரு சிறு வெளியீடு. எழுதியவர் சாலி சக்கர்மேன். தென்னாப்பிரிக்காவில் பிறந்து லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்த இளைஞர், பின்னாளில் பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர். கூடவே அவர் பேராசிரியர் எலியட் ஸ்மித்தின் குறிப்பு. கையிலிருந்த இரண்டு மண்டையோடுகளில் ஒன்று ஆஸ்திரேலியப் பழங்குடிச் சாயல், மற்றது மத்தியதரைக் கடல் சாயல் என்று தீர்ப்பு.

இரண்டே இரண்டு தலை. 114 ஏக்கர் இடுகாட்டிலிருந்து இரண்டு தலையை வைத்து இரண்டு இனம். அப்புறம் எத்தனை பாடப்புத்தகம் இதை ஆதாரமாகக் காட்டியது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. தமிழ்நாட்டின் ஆதிக்குடி யார் என்ற வழக்கில் இரு தரப்பும் தத்தமக்கு வேண்டிய மண்டையோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தன. வெளியீட்டின் பிரிவைக் கவனித்தீர்களா? இயற்கை வரலாறு. நண்டும் சிப்பியும் இருக்கும் பிரிவில் நம் பாட்டனைப் போட்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் ஏழு தொகுதிகளின் தலைப்புப் பக்கத்துக்குத் திரும்பினேன். தர்ஸ்டன் பெயருக்குக் கீழே, உதவியவர் என்று இன்னொரு பெயர் அச்சாகியிருக்கிறது. கே. ரங்காச்சாரி, எம்.ஏ. மேற்கோள் காட்டும்போது நாம் எல்லாரும் விட்டுவிடும் பெயர். அவரும் மியூசிய ஊழியர், தொழிலால் தாவரவியலாளர். பின்னாளில் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் பாடம் நடத்தினார். இந்திய மாணவர்களுக்கென்று 1916இல் தாவரவியல் பாடநூல், 1921இல் தென்னிந்தியப் புற்களைப் பற்றி ஒரு கையேடு. வரப்பில் நாம் மிதித்துப்போகிற புல்லைப் பூந்தலை பூந்தலையாகப் பிரித்து வரைந்த புத்தகம் அது. வீட்டுச் சடங்கு, தாலி, தீட்டு, வளைகாப்பு என்று அந்தத் தொகுதிகளில் வரும் உள்வீட்டுச் செய்திகளை ஆங்கிலேய சூப்பரின்டெண்ட் தாமே போய்க் கேட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. தமிழோ தெலுங்கோ பேசுகிற ஒருவர் திண்ணையில் உட்கார்ந்துதான் கேட்டிருக்க வேண்டும். எது யார் கை என்று பிரித்துக் காட்ட நூலுக்குள் வழியில்லை. என் ஊகத்தை ஊகமாகவே விடுகிறேன்.

முத்துக்குளித்த பரவரைப் பற்றிய பகுதி ஆறாம் தொகுதியில் வருகிறது. சாதித்தலைவர், அவர் குடும்பத்துக்குச் சிலாபத்தில் இருந்த உரிமை, பதினாறாம் நூற்றாண்டில் மதம் மாறிய வரலாறு எல்லாம் உண்டு. எங்கிருந்து வந்தவை? சென்சஸ் அறிக்கை, மாவட்ட மேனுவல், பாதிரிமார் எழுதியது, பழைய பயணிகளின் குறிப்பு, அவற்றை ஒட்டிச் சேர்த்த பகுதிதான் பெரும்பாலும். தூத்துக்குடிப் புல்லட்டினில் சிப்பிக்குக் கிடைத்த நேரடிப் பார்வை பரவருக்குக் கிடைக்கவில்லை. சிப்பியைப் பற்றிச் சிப்பியிடமே போய்த் தெரிந்துகொண்டவர், பரவரைப் பற்றி மேனுவலில் தெரிந்துகொண்டார். அவர் பணிவாழ்வைப் பற்றி என் குறை இந்த ஒன்றில் அடங்கும்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பிஷப் கால்டுவெல்லைப் பற்றி எனக்கு வேறு சண்டைகள் உண்டு, அவர் 1849இல் எழுதிய சாணார் நூல் அந்தச் சமூகத்தை எவ்வளவு புண்படுத்தியது என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கொற்கையில் தோண்டிய காலத்தில் தாழியைப் பற்றி ஊராரிடம் விசாரித்து, அவர்கள் சொன்னதை 1877இல் எழுதி வைத்தார். சாவே வராமல் வயதாகி வயதாகிச் சுருங்கிக் குழந்தைபோல் ஆகிவிட்டவர்களைச் சோறும் விளக்கும் வைத்துத் தாழிக்குள் இறக்குவார்களாம். என் ஆச்சி இதே கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரும்புக்காலம் பற்றிய சான்றாக அதைக் கொள்ள முடியாது. இந்த நிலத்தில் குடியிருப்பவர்கள் அந்தத் தாழிகளோடு எப்படி உறவு வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. எந்த அளவையாலும் அது கிடைத்திருக்காது.

தர்ஸ்டன் செய்யாததை இந்த மண்ணில் செய்து காட்டியவர் நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை. அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டு, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். 1967இல் நெல்லை ஆய்வுக் குழு, இரண்டு வருஷம் கழித்து 'ஆராய்ச்சி' இதழ். பல்கலைக்கழகத்தில் பதவி இல்லாமலேயே ஒரு பல்கலைக்கழகத்துக்கு உண்டான ஆய்வாளர்களை உண்டாக்கினார். முத்துப்பட்டன், கான்சாகிபு, கட்டபொம்மன் கதைப்பாடல்களை அவர் பதிப்பித்தவை மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. பாடுகிறவரை உட்கார வைத்துப் பாடச்சொல்லிக் கேட்பதுதான் அவர் முறை. அவர் வழியில் வந்த ஆ. சிவசுப்பிரமணியன் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டே உப்பு, பனை, கிறித்தவம், ஆஷ் கொலை என்று இந்தக் கரையின் சமூக வரலாற்றை எழுதினார். 'உப்பிட்டவரை'யைப் படித்தவர்களுக்குத் தெரியும், அளத்தில் கால் வெடித்து நிற்கிறவர் அதில் பேசுவார்.

ரீக்குப் பின் பரம்பு நெடுங்காலம் சும்மா கிடந்தது. 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறைக்காக தி. சத்தியமூர்த்தி தோண்டினார். நூற்றறுபதை ஒட்டித் தாழிகள், அடுக்கடுக்காகப் புதைத்த தடயம், பெண், மான், முதலை, கொக்கு ஒட்டுருவமாக அமைந்த ஓட்டுத்துண்டு. ஊரே திரண்டு வந்து பார்த்தது. அப்புறம் அறிக்கை வரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று பொறுத்துப் பொறுத்து, கடைசியில் விஷயத்தை மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குக் கொண்டுபோனவர் பக்கத்து ஊரான முத்தாலங்குறிச்சியின் எழுத்தாளர் காமராசு. தாமிரபரணிக் கரையின் கோயில்களையும் ஊர்களையும் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர். அந்த வழக்கில்தான், 2019 ஏப்ரலில், காலக்கணிப்பு முடிவுகள் நீதிமன்றத்தின் முன் வந்தன. கி.மு. 905, கி.மு. 791. தோண்டி முடித்துப் பதினைந்து ஆண்டு கழித்து அறிக்கையும் வெளியானது.

ஜாகருக்குக் கலெக்டர் துணைபோனார். ரீக்கு அரசாங்கமே பின்னால் நின்றது. ஊர்க்காரருக்கு வரலாறு வேண்டுமானால் ரிட் மனுப் போட வேண்டியிருக்கிறது. ஆனால் பலித்தது அதுதான். 2020 மத்திய பட்ஜெட்டில் களத்திலேயே அருங்காட்சியகம் அமைக்கும் ஐந்து தொல்லியல் இடங்களில் ஆதிச்சநல்லூரும் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2021இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்ட ஆரம்பித்தது, அடுத்த ஆண்டு ஒரு தங்கப் பட்டமும் கிடைத்தது. ஆற்றின் மறுகரையில் சிவகளையில் தமிழகத் தொல்லியல் துறை எடுத்த நெல்மணியின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ரீ உமியைப் பார்த்து எழுதி வைத்தது நினைவிருக்கட்டும். அன்று அதைக் காலம் கணிக்கும் வித்தை இல்லை. பார்த்ததை எழுதும் வித்தை இருந்தது.

2023 ஆகஸ்ட் 5 அன்று களத்திலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். தோண்டிய குழிக்கு மேலே கண்ணாடித் தளம். அதில் நடந்துகொண்டே கீழே பார்த்தால் தாழிகள் கிடந்த கிடையில் இருக்கின்றன. எதையும் எடுக்கவில்லை, உலோகம் உலோகமாகப் பிரிக்கவில்லை. பெரிய தாழியின் தோளில் சாய்ந்தபடி சின்னக் கலயம், அதன் வாயை மூடிய கிண்ணம். ரீயின் பட்டியலில் எனக்குக் கிடைக்காமல் போன விடை, யாரோடு எது, இங்கே கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அன்று என்னோடு வந்த மாணவர்களில் ஒரு பெண், "சார், இவங்களுக்குப் பேர் கிடையாதா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஊர்ப் பெரியவர், "இருந்திருக்கும்லா தாயி, நமக்குத்தான் தெரியாது" என்றார். எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

நான் தேடிய மண்டையோட்டுக்குத் தாழி கிடைக்கவில்லை. தர்ஸ்டன் அட்டவணைக்கும் ரீ பட்டியலுக்கும் இடையில் அந்த நூல் அறுந்துபோயிருக்கிறது. இனி ஒட்ட வேண்டுமானால் ஒரே வழி. பெர்லினில் இருப்பது, பாரிஸில் இருப்பது, எழும்பூரில் இருப்பது, 2004-05இல் எடுத்தது, 2021க்குப் பிறகு எடுத்தது அனைத்தையும் பதிவெண்ணோடும் படத்தோடும் ஒரே பட்டியலாக, தமிழில், அந்தக் கண்ணாடித் தளத்துக்குப் பக்கத்திலேயே யாரும் புரட்டிப் பார்க்கும்படி வைக்க வேண்டும். துறைகள் இதைச் செய்யட்டும். ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. திருச்செந்தூருக்குச் சுற்றுலா போகும் பள்ளி பஸ் ஒவ்வொன்றும் ஆதிச்சநல்லூரைத் தாண்டித்தான் போகிறது. அரைமணி நேரம் நிறுத்துங்கள். பிள்ளைகள் கையில் நோட்டைக் கொடுத்து, எந்தத் தாழியோடு எது இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள்.